அண்ணியின் குரலில் ஒரு பொய்

எங்கள் கோளரங்கத்துக்கு வந்து போனவர்களில் பாதிப் பேருக்கு என் அண்ணியின் முகம் தெரியாது. குரல் தெரியும். விளக்கெல்லாம் அணைந்து, சாய்வு நாற்காலிகளில் எல்லோரும் அண்ணாந்து கிடக்கும்போது எங்கிருந்து என்று தெரியாமல் ஒரு குரல் வருமே, அது அவருடையது. காய்கறிக் கடையில் நின்று "தக்காளி பழுத்ததா எடுத்துக் குடுங்க" என்று அவர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தை அம்மாவின் கையை இழுத்து, "அம்மா, நட்சத்திர ஆன்ட்டி!" என்று கத்தும். அண்ணிக்கு வெட்கமாக இருக்கும். தக்காளியை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாள் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் குழிக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். நான் அதே கோளரங்கத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். அண்ணி சொல்லித்தான் அந்த வேலை கிடைத்தது. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நாத்தனாரும் அண்ணியும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தால் உலகம் தாங்காது என்று அண்ணன் கேலி செய்வார்.

அண்ணி சும்மா எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பிறகு அவரை அப்படித்தான் பேசினார்கள். "ஒரு அறிவிப்பாளர்தானே" என்றார்கள். கல்லூரியில் இயற்பியல் முடித்த கையோடு அவர் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜன்னல் இல்லாத அடித்தள அறை அது. ஒரு கணினித் திரை, ஒரு மின்விசிறி, சுவரோரமாக அட்டைப் பெட்டிகள். அங்கே அவருடைய வேலை நிலாவின் நடுக்கங்களைப் பிரித்து வைப்பது.

நிலா நடுங்குமா என்று நானும் ஒரு நாள் கேட்டேன். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தோம்.

"நல்லா நடுங்கும். நிலாவுக்குப் போன ஆளுங்க அங்க அதிர்வை அளக்கிற கருவிகளை வச்சுட்டு வந்தாங்க. அது வருஷக்கணக்கா கேட்டு கேட்டு இங்க அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. விண்கல் விழுந்தா ஒரு விதமா வரும். வெயில் ஏறி இறங்குறப்ப பாறை வெடிச்சா வேற விதம். ரொம்ப ஆழத்துல இருந்து வர்றது ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்குப் பிடிச்சது."

"எவ்வளவு ஆழம் அண்ணி?"

"நடுவுக்குப் போற வழியில பாதி தூரம் போயிடணும். அங்க ஒவ்வொரு இடம் கூடு மாதிரி. பூமி இழுக்கிற இழுப்புல மாசத்துக்கொரு தடவை அதே கூடு, அதே மாதிரி நடுங்கும். திரையில அந்த அதிர்வோட கோட்டைப் பார்த்தவுடனே 'வந்துட்டியா?'ன்னு கேட்கத் தோணும்."

சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றுபோனது. அறை வேறு எதற்கோ வேண்டியிருந்ததாம். அட்டைப் பெட்டிகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் கோளரங்கத்துக்கு வந்தார். காட்சிக்கான உரையை அவரே எழுதுவார், அவரே மைக்கைப் பிடித்துப் பேசுவார். நிலா வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நீட்டிவிடுவார். ஆபரேட்டர் அண்ணன், அதாவது காட்சியை இயக்குகிறவர், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. வந்த முதல் வாரமே எங்களையெல்லாம் உட்காரவைத்து, "நாம கல்வி விக்கல, அனுபவம் விக்கறோம்" என்றார். கோளரங்கத்தில் விற்கிற ஒரே பொருள் டிக்கெட், அதை விற்கிறவள் நான்.

கொஞ்ச நாளில் புதுக் காட்சி வரப்போகிறது என்று வாசலில் பெரிய பதாகை கட்டினார்கள். "நிலாவின் மறைக்கப்பட்ட ரகசியம்." யார் மறைத்தது என்று அதில் இல்லை. வெளியிலிருந்து ஒரு படக் கம்பெனி செய்து கொடுத்த காட்சி. அண்ணியிடம் உரை கேட்கவில்லை, பேசவும் கூப்பிடவில்லை. "உங்களுக்கு ஓய்வு குடுக்கறோம் மேடம்" என்றார் மேலாளர். அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் மட்டும், "வேற யாராவது நல்லா பேசியிருப்பாங்க, பார்ப்போம்" என்றார்.

முதல் நாள் காலைக் காட்சிக்கு ஒரு பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். கவுன்டரை மூடிவிட்டு நானும் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றேன். அண்ணி பிள்ளைகளுக்கு நடுவில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. மேலே நிலா எழுந்தது. உண்மையாகவே அழகான படம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் குரல் வந்தது. "வணக்கம், குழந்தைகளே."

அண்ணியின் குரல்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அண்ணி பேசாமல் அதோ உட்கார்ந்திருக்கிறார். மேலே ஸ்பீக்கரில் அண்ணி பேசிக்கொண்டிருக்கிறார். அதே இழுவை, "குழந்தைகளே" என்பதில் அதே செல்லம். பழைய காட்சிகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்களே, அவற்றையெல்லாம் ஏதோ மென்பொருளுக்குள் போட்டு, அவர் வாயால் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தகவல் சொல்லவில்லை. வீட்டிலிருக்கிற செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு போவதற்குக்கூட "எடுத்துக்கவா?" என்று கேட்பார்கள்.

அதோடு போயிருந்தால் அண்ணி பொறுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவர் அப்படிப்பட்டவர். ஆனால் குரல் மேற்கொண்டு பேசிக்கொண்டே போனது. "ஒரு நாள் விண்கலத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே நிலாவில் மோதவிட்டார்கள். என்ன நடந்தது தெரியுமா? நிலா மணி போல ஒலித்தது! நீண்ட நேரம் ஒலித்தது! மணி ஏன் ஒலிக்கிறது, குழந்தைகளே? உள்ளே வெற்றிடம் இருப்பதால். ஆம், நிலா ஒரு வெற்றுக்கூடு. அதைக் கட்டியது யார்?"

படத்தில் நிலா முட்டை ஓடு மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ விளக்குகள் மினுங்கின. பிள்ளைகள் "ஹோ"வென்று வாய் பிளந்தார்கள்.

அண்ணி எழுந்து நின்றார்.

"இல்லை" என்றார். மைக் இல்லை. ஆனால் அந்தக் கூடத்துக்கு மைக் இல்லாமலே பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "இல்லை குழந்தைகளே. இது பொய்."

மேலே ஒரு அண்ணி, "விஞ்ஞானிகள் திகைத்துப் போனார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே ஒரு அண்ணி, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். பிள்ளைகள் மேலேயும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி தெளிவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, ரெண்டு பேருல யார் நீங்க?"

யாரோ சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. ஆபரேட்டர் அண்ணன் என்ன நினைத்தாரோ, படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார். அண்ணியின் கன்னம் நனைந்திருந்தது. அழுகிறார் என்று நினைத்தால் அது அழுகை இல்லை, அவ்வளவு கோபம்.

"நான்தான் இது. அது என் குரலைத் திருடிப் பண்ணினது" என்றார் அந்தச் சிறுமியிடம். பிறகு எல்லோரையும் பார்த்து, "ஒரு நிமிஷம் கேளுங்க. நிலா ரொம்ப நேரம் அதிர்ந்தது நிஜம். அது வெத்தா இருக்கறதால இல்ல. காய்ஞ்சு கிடக்கறதால. கொத்தனார் ரெண்டு செங்கல்லை ஒண்ணோடொண்ணு தட்டிப் பார்க்கறதைப் பார்த்திருக்கீங்களா? நல்லா வெந்து காய்ஞ்ச கல்லு 'டங்'குனு கேட்கும். அதையே தண்ணியில ஊறப்போட்டு எடுத்துத் தட்டினா 'தொப்'புனு அடங்கிடும். செங்கல்லுக்கு உள்ள வெத்திடமா இருக்கு?"

"இல்ல!" என்றார்கள் பிள்ளைகள்.

"நம்ம பூமிக்குள்ள பாறையிடுக்கெல்லாம் தண்ணி, ஈரம். அதிர்வைக் குடிச்சிடும். நிலாவுல சொட்டு ஈரம் கிடையாதுன்னே வச்சுக்கலாம். அதுவும் போக, காலங்காலமா விண்கல் விழுந்து விழுந்து மேல் பாறை பூராவும் நொறுங்கிக் கிடக்கு. அதிர்வு உள்ள போனா ஒவ்வொரு விரிசல்லயும் மோதி, திரும்பி, மறுபடி மோதி, வழி தெரியாம அலையும். தூண் தூணா இருக்கற பெரிய கூடத்துல ஒருத்தர் கத்தினா ரொம்ப நேரம் முழங்கிட்டே இருக்குமே, அது மாதிரி. அதான் ஒரு மணி நேரம் ஆனாலும் அடங்காம..."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "மேடத்துக்கு உடம்பு சரியில்ல" என்று ஆசிரியைகளிடம் சொல்லி, அண்ணியின் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவருடைய அறையில் அண்ணியை உட்காரச் சொல்லவில்லை. என்னை உள்ளே வரக் கூடாது என்றார். நான் கதவோரம் நின்றேன். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"பதிவெல்லாம் இந்த நிறுவனத்தோட சொத்து மேடம். அதை வச்சு என்ன வேணா பண்ணலாம்."

"பதிவு உங்களுதா இருக்கட்டும் சார். நான் பேசினதைத் திரும்பப் போடுங்க, ஆயிரம் தடவை போடுங்க. நான் பேசாததை நான் பேசின மாதிரி போட உங்களுக்கு யார் உரிமை குடுத்தா?"

"ஒரு அறிவிப்பாளர் இவ்வளவு டென்ஷன் ஆகணுமா? மக்கள் ரசிக்கிறாங்க. நிலாவுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு போய்ப் பார்த்தா? நீங்க பார்த்தீங்களா?"

அண்ணியின் குரல் இறங்கியது. இறங்கினால்தான் பயம். "டாக்டர் உங்க முதுகைத் தட்டிப் பார்க்கறாரே, பிளந்தா பார்க்கறார்? தட்டறார், கேட்கறார். அதே மாதிரிதான் சார் இதுவும். அதிர்வு ரெண்டு விதமா கிளம்பும். ஒண்ணு வரிசையில நிக்கறவங்களைப் பின்னாலேர்ந்து தள்ளின மாதிரி, நெட்டித் தள்ளிக்கிட்டே முன்னால ஓடும். இன்னொண்ணு கயிறை உதறின மாதிரி குறுக்கே ஆடிக்கிட்டு மெதுவா வரும். ரெண்டும் எவ்வளவு இடைவெளி விட்டு வருதுன்னு பார்த்தா எவ்வளவு தூரத்துல கிளம்பிச்சுன்னு தெரியும். குறுக்கே ஆடறது திரவத்துக்குள்ள போகாது. நிலாவோட அடி ஆழத்து வழியா வர வேண்டியது மங்கி வந்துச்சு. அதான் நடுவுல கொஞ்சம் உருகின பகுதி இருக்கணும்னு சொல்றாங்க. பாதி ஆழத்துல கூடு கூடா நடுங்குது சார். வெத்து ஓட்டுக்குள்ள எது நடுங்கும்? காத்தா?"

மேலாளர் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினார். பிறகு, "இதெல்லாம் யாருக்குப் புரியும்?" என்றார்.

"அந்த ரெட்டைப் பின்னல் பொண்ணுக்குப் புரிஞ்சுது."

அன்று பஸ்ஸில் அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனதும் அண்ணியின் முகத்தைப் பார்த்தே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்திருக்க வேண்டும் என்றேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணி எதிரில் உட்கார்ந்தார்.

"வேலையை விடறதுன்னா விட்டுடு. நான் பார்த்துக்கறேன்."

"நான் ஏங்க விடணும்? பொய் சொன்னது நானா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைக்கப் போனேன்.

அவர்கள் அண்ணியை வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் வெளியில் பேசுவார் என்ற பயம். மன்னிப்பு கேட்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. கடைசியில் காட்சியில் அண்ணியின் குரலை எடுத்துவிட்டு, யாரோ ஓர் ஆணின் கனத்த குரலைப் போட்டார்கள். அதே உரை. அதே முட்டை ஓடு. இதைச் சமாதானம் என்று வேறு சொன்னார்கள்! "உங்க பிரச்சினை தீர்ந்துடுச்சே மேடம்" என்று மேலாளர் கேட்டபோது நான் கவுன்டரில் இருந்தேன். சில்லறையை எறிந்துவிடலாமா என்று இருந்தது. அண்ணியின் பிரச்சினை குரல் மட்டும் என்று நினைத்தார்களே, அந்த நினைப்புதான் எனக்குக் குரலைத் திருடியதைவிட அவமானமாக இருந்தது. பிள்ளைகளை இருட்டில் உட்காரவைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, நம்பிக்கையோடு திறந்திருக்கிற காதில் பொய்யை ஊற்றுகிறார்கள். அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அண்ணிக்கு வெளி வாசலில் வேலை போட்டார்கள். காட்சி முடிந்து வருகிறவர்களை ஒழுங்காக வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அவமானப்படுத்தத்தான் அந்த இடம். ஆனால் யோசித்துப் பாருங்கள், பேசத் தெரிந்த ஒருவரை, கூட்டம் முழுவதும் கடந்து போகிற வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்?

அடுத்த நாளே அண்ணி பையில் இரண்டு செங்கல் எடுத்து வந்தார். ஒன்று காய்ந்தது. இன்னொன்றை வாளித் தண்ணீரில் போட்டு வாசலோரம் வைத்தார். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் வெளியே வருகிறவர்களைக் கேட்டார்: "நிலா வெத்துன்னு சொன்னாங்களா உள்ள? ஒரு நிமிஷம் இதைக் கேட்டுட்டுப் போங்க." சுத்தியலால் தட்டுவார். டங். தொப். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். ஒருவர், "உனக்கு எதுக்கும்மா வம்பு?" என்றார். பிள்ளைகள் மட்டும் நகர மாட்டார்கள். தாங்களே தட்டிப் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள். ஒரு பையன் தன் தம்பி தலையில் தட்டிப் பார்த்து, "இது வெத்து ஆன்ட்டி" என்றான். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அண்ணி சிரித்தார்.

மேலாளர் வாளியை எடுக்கச் சொன்னார். அண்ணி பாத்திரம் மாற்றினார். செங்கல்லை எடுக்கச் சொன்னார். கதவு காற்றில் சாத்திக்கொள்கிறது, முட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் அண்ணி. இனி வாசலில் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அப்போதுதான் அண்ணி கை நீட்டாமல் நின்று, "உள்ள பொய் சொல்றதை நிறுத்துங்க சார். வெளிய நான் தானா நிறுத்திடுவேன்" என்றார். வாசலில் நின்ற ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டார். இயற்பியல் எடுக்கிறவராம். "ஏங்க, நிஜமாவே உள்ள அப்படித்தான் காட்டறீங்களா?" என்று மேலாளரையே கேட்டார். மேலாளர் அனுபவம், கற்பனை என்று ஏதோ சொன்னார். ஆசிரியை, "அப்போ எங்க பிள்ளைங்களை அடுத்த வருஷம் வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மற்றப் பள்ளிகளில் சொல்லியிருக்க வேண்டும். முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். போனை எடுத்தது நான். "அந்த நிலாப் பகுதியை எடுத்தாச்சா?" என்று கேட்டார்கள். "இன்னும் இல்லைங்க" என்று எவ்வளவு இனிமையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இனிமையாகச் சொன்னேன். அது என் சின்னப் பங்கு.

ஒரு திங்கட்கிழமை காலை, சத்தமில்லாமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. அதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போன அத்தனை பிள்ளைகளிடமும் யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. அண்ணியைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. மேலாளரோ "காட்சியை மேம்படுத்தியதற்காக" எங்கேயோ பாராட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதை வாங்கும்போது எடுத்த படம் அவர் அறையில் மாட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் பற்றி எரிகிறது. அண்ணியிடம் சொன்னால், "விடுடி, படம்தானே" என்கிறார். அவரால் முடிகிறது. என்னால் முடியவில்லை.

இப்போது காலைக் காட்சிக்கு அண்ணி மைக்கில் நேராகப் பேசுகிறார். பதிவு செய்ய விடுவதில்லை. நிலா வரும்போது நீட்டுகிறார், ஆபரேட்டர் அண்ணன் கடிகாரத்தைத் தட்டுவதை விட்டுவிட்டார். போன வாரம் மேலாளர் அண்ணியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "ஒரு மணி நேரம் மட்டும் வந்து பேசிப் பதிவு பண்ணிக் குடுங்க மேடம், நீங்க லீவு போடற அன்னிக்கு ஆகும்" என்றார்.

"நான் லீவு போடற அன்னிக்குக் காட்சிக்கும் லீவு விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அண்ணி சாப்பாட்டுப் பையோடு என் கவுன்டருக்கு வந்தார். டப்பாவைத் திறந்துகொண்டே, நிலாவின் மறுபக்கத்தில் புதிதாக ஓர் அதிர்வுக் கருவி வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், இதுவரை அந்தப் பக்கத்தில் ஒரு கருவியும் கிடையாதாம், நடுவில் எவ்வளவு உருகியிருக்கிறது என்பது அப்போது இன்னும் சரியாகத் தெரியுமாம் என்று ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. கவுன்டர் முன்னால் ஆள் வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.